கூலி, சொல்தா, மாணவ-வீரர்: கப்பலேறும் உடலுக்கு வைக்கப்பட்ட பெயர்கள்

"மாமா, கால் போயிடுச்சுன்னா படிப்பு இருக்குமா?"

கேட்டவன் என் அக்கா மகன். வயது 17. நீளம் தாண்டுகிறவன். காரைக்கால்மேட்டுக் கடற்கரையில், அலை பின்வாங்கி ஈரம் இறுகிப் போயிருக்கிற காலை நேரத்து மணலில் ஓடிப் பழகியவன். சென்னையிலிருந்து ஒரு இடைத்தரகர் போனில் பேசியிருந்தார். தாண்டுவதை வீடியோ எடுத்து அனுப்பினால் போதும், அமெரிக்கக் கல்லூரி கோச்சுகள் எல்லாருக்கும் போய்ச் சேரும், 'ஃபுல் ஸ்காலர்ஷிப்' நிச்சயம், முன்பணம் மட்டும் இவ்வளவு என்றார். அக்கா அன்று ராத்திரியே நகையை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். பையன் மட்டும்தான் கேட்க வேண்டியதைக் கேட்டான். அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

நான் 31 வருஷம் உடற்பயிற்சி ஆசிரியனாக இருந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விசில் ஊதிப் பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்துவது என் தொழில். 90களில் ஃபூக்கோவைப் பற்றிச் சிறுபத்திரிகைகள் எழுதத் தொடங்கியபோது, பள்ளியும் சிறையும் படைமுகாமும் ஒரே இலக்கணத்தில் உடலைப் பழக்குகின்றன என்று வாசித்துவிட்டு, மறுநாள் காலை பிரேயரில் 'அட்டேன்ஷன்' சொல்ல நாக்கு கூசியது. கூசினாலும் சொன்னேன். சம்பளம் அதற்குத்தானே. ஆகவே உடல், அதிகாரம் என்று நான் பேசும்போது வெளியே நின்று பேசுகிறவனாக என்னை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நம் பத்திரிகைகளில் ஒரு வகைக் கதையாடல் உண்டு. 'மீனவர் மகன் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில்', 'குடிசையிலிருந்து கலிபோர்னியாவுக்கு'. இந்தப் பிரதிகளின் அமைப்பு மாறுவதே இல்லை. முதலில் வறுமை, பிறகு ஷூ இல்லாத கால், பிறகு ஒரு நல்ல வாத்தியார், பிறகு கடிதம், கடைசியில் மாலை போட்ட போட்டோ. கவனித்துப் பாருங்கள், எல்லாக் கதையும் மீனம்பாக்கம் விமான நிலையத்தோடு முடிந்துவிடும். இறங்கிய பிறகு அந்த உடல் என்ன வேலை செய்தது, எத்தனை மணி நேரம் செய்தது, அது வேலைதானா என்பதை எந்தக் கதையும் தொடாது. தொடாமல் இருப்பதற்கு வசதியாக ஒரு சொல்லை அமெரிக்காவே செய்து வைத்திருக்கிறது: 'ஸ்டூடன்ட்-அத்லெட்'. மாணவ-வீரர். நடுவில் ஒரு சிறு கோடு. நம்முடைய விசாரணை அந்தக் கோட்டைப் பற்றியது.

இந்தச் சொல் தானாக முளைத்ததல்ல. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை ஆளும் சங்கமான என்.சி.ஏ.ஏ.வுக்கு 1951 முதல் 30 ஆண்டுகளுக்கு மேல் தலைமை நிர்வாகியாக இருந்தவர் வால்டர் பையர்ஸ். ஓய்வு பெற்றபின் 1995இல் எழுதிய நூலில் அவரே போட்டு உடைத்துவிட்டார். அடிபட்ட ஆட்டக்காரர்களைத் தொழிலாளர் என்று நீதிமன்றங்கள் சொல்லிவிடுமோ, நஷ்ட ஈடு கொடுக்க வேண்டி வருமோ என்ற பயத்தில்தான் அந்தச் சொல்லை உருவாக்கினோம், விதிகளிலெல்லாம் 'ஆட்டக்காரர்' என்பதற்குப் பதிலாக அதையே புகுத்தினோம் என்று எழுதினார். ஒரு சொல்லைக் கட்டுடைக்க நாம் தெரிதாவைத் தேடிப் போகிறோம். இங்கே செய்தவனே வந்து ஆணி ஆணியாகக் கழற்றிக் காட்டுகிறான்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. டென்வர் பல்கலைக்கழகத்தில் எர்னஸ்ட் நெமத் என்றொரு ஃபுட்பால் ஆட்டக்காரர். கல்லூரி டென்னிஸ் மைதானங்களைச் சுத்தம் செய்வதற்கென்று மாதம் 50 டாலர் கொடுத்தார்கள். ஃபுட்பால் பயிற்சியில் முதுகில் அடிபட்டது. மைதானம் கூட்டும் வேலையே அவர் ஆடுவதை நம்பித்தான் கொடுக்கப்பட்டது, எனவே அவர் ஊழியர்தான் என்று 1953இல் கொலராடோ உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டு வருஷம் கழித்து அதே மாநிலத்தில் ரே டெனிசன் என்பவர் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காக ஆடும்போது தலையில் அடிபட்டு இறந்துபோனார். மனைவி நஷ்ட ஈடு கேட்டார். 1957இல் அதே நீதிமன்றம், கல்லூரி ஃபுட்பால் வியாபாரம் செய்யவில்லை, ஆகவே இல்லை என்றது. முதல் வழக்குக்கும் இரண்டாவதுக்கும் இடையில்தான் நம்முடைய சிறு கோடு பிறக்கிறது. 1974இல் ஆடுகளத்திலேயே முடமாகிப்போன கென்ட் வால்ட்ரெப்புக்கும் 2000இல் டெக்ஸஸ் நீதிமன்றம் இல்லை என்றே சொன்னது.

சரி, பையன் கேட்டதற்கு வருவோம். கால் போனால் படிப்பு இருக்குமா? 1973இல் என்.சி.ஏ.ஏ. நான்கு வருஷ உதவித்தொகையை எடுத்துவிட்டு, வருஷா வருஷம் புதுப்பிக்கும் முறைக்கு மாற்றியது. அதாவது போன வருஷம் எப்படித் தாண்டினாய் என்று பார்த்துத்தான் இந்த வருஷம் வகுப்பு. 2012இல் பல வருஷ உதவித்தொகை மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 2015இல் பெரிய கல்லூரிகளின் ஐந்து கூட்டமைப்புகள், ஆட்டம் சரியில்லை என்பதற்காக நிறுத்தமாட்டோம் என்று விதி செய்துகொண்டன. மற்ற கல்லூரிகளில் அப்போது அந்தந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருந்ததோ அதுதான். ஆகவே என் பதில்: "எந்தக் காலேஜ்னு தெரிஞ்சாத்தான்டா சொல்ல முடியும்." இடைத்தரகரிடம் இதையே கேட்டேன். "அப்படியெல்லாம் நெகட்டிவா யோசிக்காதீங்க சார்" என்றார்.

உள்ளூர்க்காரனுக்கு ஒரு கோடு என்றால் வெளிநாட்டுக்காரனுக்கு இரண்டு. அவன் எஃப்-1 மாணவர் விசாவில் போகிறான். பாடம் நடக்கும் காலத்தில் கல்லூரி வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம், அவ்வளவுதான். என்.சி.ஏ.ஏ. விதிப்படி 1991 முதல் பயிற்சிக்கும் வாரம் 20 மணி நேரம்தான் உச்சவரம்பு. போட்டி நாளை, எவ்வளவு நேரம் ஆனாலும், மூன்று மணி நேரம் என்று எழுதிக்கொள்வார்கள். பயணம் கணக்கிலேயே வராது. இரண்டு 20களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் தோழர்களே. நூலகத்தில் புத்தகம் அடுக்கினால் அது 'வேலை', கூலி உண்டு. மணலில் விழுந்து எழுந்து கணுக்கால் வீங்கினால் அது 'படிப்பின் ஒரு பகுதி'. உடல் ஒன்றுதான். எந்த ஏட்டில் எழுதப்படுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

2021 ஜூலை முதல் அமெரிக்க ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்றாகிவிட்டது. வெளிநாட்டு மாணவனுக்கு அது விசா மீறலாகிவிடும் என்ற பயம். 2023, 2024 இரண்டு வருஷமும் நாட்டின் சிறந்த கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டக்காரராகத் தேர்வான கனடாக்காரர் சாக் ஈடியே தன் அணியினரைப் போல ஒப்பந்தம் போட முடியாமல் இருந்தார். என்.சி.ஏ.ஏ. கோட்டை அழித்தாலும் குடியேற்றத் துறை அதே இடத்தில் இன்னொரு கோடு போடுகிறது.

இதையெல்லாம் காரைக்கால்காரன் புதுசாகக் கேட்கிற மாதிரி வியக்கக் கூடாது. எங்கள் துறைமுகத்துக்கு இந்த இலக்கணம் பழக்கம். பிரெஞ்சுக்காரன் 1848இல் தன் தீவுகளில் அடிமை முறையை ஒழித்ததும் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ரெயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் கப்பல் கப்பலாக ஆட்கள் போனார்கள். 'அடிமை' அல்ல, 'ஒப்பந்தக்காரர்' என்று எழுதிக்கொண்டார்கள். கரையில் இருந்தவர்கள் கூலி என்றே சொன்னார்கள். அடுத்து வந்தது 'சொல்தா'. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து சைகோனுக்குப் போனவர்கள். பெரும்பாலும் மேட்டுக்காரர்கள் இல்லை, டவுன்காரர்கள். ஆனால் ஒன்று உண்டு. சொல்தா என்ற சொல்லுக்குச் சம்பளம் இருந்தது, பென்ஷன் இருந்தது, குடியுரிமை இருந்தது. காலிழந்த சொல்தாவுக்கும் மாதாமாதம் பிரான்சிலிருந்து பணம் வந்தது. ஏகாதிபத்தியத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். வியட்நாமியரைச் சுடப் போன படை அது. நான் சொல்ல வருவது, உடலை எடுத்துக்கொண்டவன் அந்த உடலுக்கு என்ன பெயர் வைக்கிறானோ அந்தப் பெயருக்குத்தான் பணம் வருகிறது. சொல்தாவுக்கு வந்தது. மாணவ-வீரருக்கு வராமலிருக்கவே அந்தப் பெயர்.

இந்தியாவில் நிலைமை தலைகீழ். ரயில்வே, போலீஸ், வங்கி என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் எடுக்கிறார்கள். பையன் அலுவலகத்துக்குப் போகாமல் மைதானத்துக்குப் போவான். ஆனால் பதிவேட்டில் கிளார்க். அங்கே வேலையை விளையாட்டு என்கிறார்கள், இங்கே விளையாட்டை வேலை என்கிறார்கள். இரண்டாவது பொய் எங்கள் குப்பத்தில் சில வீடுகளுக்கு ஓடு போட்டிருக்கிறது. சும்மா சொல்லக் கூடாது.

ஹென்றி ரோனோவை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. கென்யாக்காரர், வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்து மாணவர். 1978இல் 81 நாளுக்குள் நான்கு உலக சாதனைகள்: 5000 மீட்டர், 3000 மீட்டர் தடையோட்டம், 10,000 மீட்டர், 3000 மீட்டர். கென்யா 1976, 1980 ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் ஒலிம்பிக் மைதானத்தையே அவர் மிதிக்கவில்லை. பிறகு குடி. அமெரிக்க நகரங்களில் வீடில்லாதவர் விடுதி. விமான நிலையத்தில் பெட்டி தூக்கும் வேலை. நம் கதையாடல் எந்த இடத்தில் முடிகிறதோ அதே இடத்தில், விமான நிலையத்தில்! 2024 பிப்ரவரியில் நைரோபியில் இறந்தார். ரோனோ குடித்ததற்குப் பல்கலைக்கழகம் காரணம் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சாதனைகளெல்லாம் கல்லூரியின் பெருமையாகப் பதிவாகியிருக்க, அவருக்கு மிஞ்சியது என்ன என்ற கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை என்றுதான் சொல்கிறேன்.

அதே 2024 ஏப்ரலில் இன்னொருவர் இறந்தார். அவரைப் பற்றித்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். எங்கள் படகுகள் தெற்கே ஓடினால் ஒரு ராத்திரியில் யாழ்ப்பாணக் கடல் வந்துவிடும். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கடல் என்றால் கைது, படகு பறிமுதல். 2025 ஜனவரி 28 அன்று நெடுந்தீவுக்குப் பக்கத்தில் இலங்கைக் கடற்படை சுட்டு, காரைக்கால் படகில் போனவர்களில் சிலர் ரத்தக் காயமடைந்தார்கள். நம்முடைய இழுவலை அந்தக் கடலடியை என்ன செய்கிறது என்று யாழ்ப்பாணத்து மீனவர்கள் கேட்பதும் நியாயம்தான், அது வேறு கட்டுரை. அந்தக் கரையிலிருந்து, பெரியவிளானில் 1934இல் பிறந்து, யாழ் மத்திய கல்லூரியில் படித்து, உயரம் தாண்டியவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 17 வயதில், என் மருமகன் வயதில், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இலங்கைக்காகத் தாண்டினார். 1956இல் மெல்போர்ன். லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், யூ.சி.எல்.ஏ. என்கிறார்களே, அங்கே மாணவர், அந்த அணிக்காகவும் தாண்டியவர்.

தேதிகளைக் கொஞ்சம் சேர்த்து வையுங்கள். 1956 ஜூனில் இலங்கையில் தனிச்சிங்களச் சட்டம். 1957இல் கொலராடோவில் டெனிசன் தீர்ப்பு. 1958 மே 24 முதல் ஜூன் 1 வரை டோக்கியோவில் ஆசிய விளையாட்டு. அங்கே எதிர்வீரசிங்கம் 2.03 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். ஆசிய விளையாட்டில் இலங்கையின் முதல் தங்கம் அது. அதே நாட்களில் அந்தத் தீவில் பொலன்னறுவையிலிருந்து கொழும்பு வரை தமிழரைத் தேடித் தேடி வெட்டினார்கள். மே 27இல் அவசரநிலை. உயிர் தப்பியவர்களைக் கொழும்பிலிருந்து கப்பலேற்றிக் காங்கேசன்துறையில் இறக்கினார்கள். ஒரு தமிழ் உடல் டோக்கியோவில் குறுக்குக் கம்பியைத் தாண்டி அந்த நாட்டின் கொடியை ஏற்றியது. மற்றத் தமிழ் உடல்களை அதே நாடு கப்பலில் ஏற்றியது. இதைவிட வெளிப்படையாக எந்தக் கோட்பாட்டு நூல் 'தேசம்' என்பதை விளக்கும்?

எதிர்வீரசிங்கத்தை வெறும் பலியாள் என்று எழுதிவிட்டால் என் வாதத்துக்கு வசதியாக இருக்கும். ஆனால் அவர் அப்படி இல்லை. 1962 ஜகார்த்தாவில் வெள்ளி வாங்கினார். பிறகு கோர்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். ஆப்பிரிக்க நாடுகளில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை செய்தார். போர்நிறுத்த ஆண்டுகளில் வடக்கு கிழக்குக்குத் திரும்பிவந்து கல்வியிலும் விளையாட்டிலும் உழைத்தார். பல்கலைக்கழகம் பொய்யாக வைத்த சொல்லில் முதல் பாதியை, 'மாணவர்' என்பதை, அவர் மெய்யாகவே எடுத்துக்கொண்டுவிட்டார். கோட்டின் இந்தப் பக்கம் நின்றுகொண்டு, கொடுத்தாயல்லவா, கொடு என்று வாங்கிக்கொண்டார். அதிகாரத்தின் சொல்லை அதன் வாயிலிருந்தே பிடுங்கிக்கொள்வதற்கும் இடமிருக்கிறது என்பதை நாம், விமர்சகர்கள், அடிக்கடி மறந்துவிடுகிறோம். பட்டப்படிப்பு என்பது யாழ்ப்பாணச் சமூகத்தில் யாருக்கு எளிதாக வாய்த்தது, சாதியின் எந்தப் படிக்கட்டில் நின்றவருக்கு வாய்த்தது என்ற கேள்வியையும் இதோடு வைத்துத்தான் கேட்க வேண்டும்.

சென்னையில் வளர்ந்த திரிபுராக்காரர் சோம்தேவ் தேவ்வர்மன் கதை இன்னும் சுலபம். வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தார். 2007இல் ஜான் இஸ்னரை அவருடைய சொந்த மைதானத்திலேயே வென்று கல்லூரிகளின் ஒற்றையர் பட்டம், 2008இல் மறுபடியும் அதே பட்டம். 2010 ஆசிய விளையாட்டில் தங்கம். டென்னிஸ் மட்டை பிடிக்கிற பிள்ளைக்கு அமெரிக்கா ஒரு நல்ல நாற்றங்கால், மறுக்கவில்லை. ஆனால் நாற்றங்காலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பெரிய கல்லூரிகளில் பணம் கொண்டுவருவது ஃபுட்பாலும் கூடைப்பந்தும். அந்த அணிகளில் ஆடுவோரில் பெரும்பகுதி கறுப்பினப் பிள்ளைகள். டென்னிஸ், தடகளம், நீச்சல் எல்லாம் அந்தப் பணத்தில்தான் நடக்கின்றன. சம்பளம் மறுக்கப்பட்ட கறுப்பு உழைப்பில்தான் சென்னைப் பிள்ளையின் 'இலவசக் கல்வி' நின்றது. 1968இல் மெக்சிகோவில் கை உயர்த்திய டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் இந்த ஏற்பாட்டுக்குள் இருந்து வந்தவர்கள்தான், சான் ஹோசே மாநிலக் கல்லூரி மாணவர்கள்.

இப்போது அந்த ஏற்பாடு ஆட்டம் கண்டுவிட்டது. 2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராக ஒன்பது நீதிபதிகளும் ஒன்றாகத் தீர்ப்புச் சொன்னார்கள். 2025 ஜூனில் இன்னொரு வழக்கில் சமரசம் ஏற்கப்பட்டு, ஒரு கல்லூரி வருஷத்துக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை ஆட்டக்காரர்களுக்கே பகிரலாம் என்றாயிற்று. வருவாய்ப் பங்கு என்று அதற்குப் பெயர். பங்கு! எங்கள் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். கடலுக்குப் போய்விட்டு வந்தால் படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, போனவனுக்கு ஒரு பங்கு. போனவனை மாணவன் என்று சொல்லிப் பங்கை மறுத்தால் ஏலத் திடலிலேயே சண்டை வந்துவிடும். அமெரிக்கக் கல்லூரிகளுக்கு அந்தச் சொல் வந்து சேர இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

ஆனால் வந்ததும் என்ன நடந்தது? ஃபுட்பால்காரர்களுக்குப் பங்கு கொடுக்கக் காசு வேண்டுமே. காசு கொண்டுவராத அணிகள் மேல் கண் போயிற்று. டென்னிஸ், நீச்சல் அணிகளை மூடுவதாக 2025இலேயே சில கல்லூரிகள் அறிவித்தன. கறுப்பினப் பிள்ளைக்கு வரவேண்டிய நியாயம் வந்தால் குப்பத்துப் பிள்ளைக்குத் திறந்திருந்த கதவு மூடுகிறது. 'உலக விளிம்புநிலையினரின் ஒற்றுமை' என்று மேடையில் பேசுகிற நாம் இந்த இடத்தில் என்ன சொல்லப்போகிறோம்? முதல் நியாயம் முதலில் என்றே நான் சொல்வேன். சொல்லிவிட்டு அக்கா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வேண்டும். அது இன்னும் வரவில்லை.

படிவத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். தகப்பன் தொழில் என்று ஒரு கட்டம், கீழே தேர்ந்தெடுக்கச் சில சொற்கள்: ஊழியர், சுயதொழில், முதலாளி, வேலையில்லாதவர். அக்கா வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "பங்குக்காரன்னு இல்லியா?" என்றார். இல்லை. சுயதொழில் என்று போட்டேன். அடுத்த கட்டம் பையனுக்கு. அங்கே தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை, அவர்களே அச்சடித்து வைத்திருந்தார்கள்: மாணவ-வீரர்.

முன்பணம் இன்னும் கட்டவில்லை. உதவித்தொகைக் கடிதத்தின் மாதிரியை அனுப்பச் சொல்லியிருக்கிறேன், அடிபட்டால் என்ன என்ற பத்தியோடு. விசாரித்துச் சொல்கிறேன் என்றவர் இதுவரை கூப்பிடவில்லை. பையன் தினமும் விடியற்காலையில் போய்த் தாண்டுகிறான். நான் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.